காரணிகன் யார்?

ஒரே தொழிலில் ஈடுபட்டோருள் ஒருவரது ஆக்கத்தை மற்றொருவர் சீர்தூக்கித் தரம் கூறுதல் எளிய செயலன்று. குறை கூறினால் பொறாமை என்பர். நிறை கூறினால் நட்புக்குச் செய்த சலுகை என்பர். முன்பின் அறியாதவன் வந்து கூறினாலோ, இவனுக்கு இத்துறையில் என்ன தெரியும் என்பர். நடுவர் இருக்கையில் அமர்ந்தார் உள்ளத்தில் ஒரு கூச்சம் எழுவது இயல்பே. அதனை மறைப்பது பெருந்தன்மை என்றெண்ணுவார் பலர். மறைத்தல் வேண்டா, வெளிப்படையாகக் கூறுதலே நேர்மைக்கு முதற்படி என்பது நம் கருத்து. இதற்குச் சான்று நம் பழைய ஏடுகளிலேயே உண்டு.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்று அதன் பாயிரம் அறிவிக்கின்றது. அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஒரு கதை கூறுகிறார். அதங்கோட்டாசானும் தொல்காப்பியரும் அகத்தியரிடம் ஒருங்கு பயின்றவர் என்பது மரபு. தொல்காப்பியர்மீது சினங்கொண்ட அகத்தியர், "அவன் நூலைக் கேளாதே" என்று அதங்கோட்டாசானுக்குக் கட்டளையிட்டார். தொல்காப்பியரோ பன்முறை சென்று தம் நூலைக் கேட்குமாறு வேண்டினார். மறுத்தால் தோழர் வெகுள்வார். இசைந்தால் ஆசான் வெகுள்வார். இருவரும் வெகுளாதிருக்க ஒரு வழி கண்டார் நடுவர்: நூலைக் கேட்பது, ஆயின் கேட்டதற்கெல்லாம் குற்றம் கூறிவிடுவது!

நூல் காதில் விழுமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. இதனை நடுநிலை என்று யார் கூறுவர்? எனினும் தொல்காப்பியர் வென்றார். எவ்வாறு? நடுவர் தம் தடைகளை அவையறிய வாய்விட்டுக் கூறினார். ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் அவையறிய விடை கூறினார். நடுவரின் உள்ளம் கோணியிருந்தும் நூல் பிழைத்தது, காரணங்கள் வெளியே வந்தமையால்.

இனி இறையனார் களவியல் உரை கூறும் கதையைக் காண்போம். 60 நூற்பாக்கள் கொண்ட அந்நூலுக்குச் சங்கப் புலவர் 49 பேரும் தனித்தனியே உரை கண்டனர். ஒவ்வொருவரும் தம் உரையே சிறந்தது என்றனர். வழக்குத் தீரவில்லை. பாண்டியனிடம் சென்று, "எங்களுக்கு ஒரு காரணிகனைத் தருக" என்று வேண்டினர். காரணிகன் என்பான் நடுநின்று தீர்ப்போன். நீங்கள் 49 பேர். உங்களுக்கு நிகரான ஒருவனுக்கு எங்கே போவேன் என்று மன்னனும் கைவிரித்தான்.

முடிவில் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டுப் பிள்ளை, பிறவி ஊமை, உயர்ந்த இருக்கையில் அமர்த்தப்பட்டான். மருதனிளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் உகுத்தான். நக்கீரர் உரைக்கோ சொல்தொறும் கண்ணீர் வார, மெய்ம்மயிர் சிலிர்க்க இருந்தான். தீர்ப்பு முடிந்தது.

அப்பிள்ளை சாபத்தால் பிறந்த குமரக்கடவுள் என்பதை நாம் ஏற்க வேண்டுவதில்லை. தம்மைத் தாமே தீர்த்துக்கொள்ள இயலாது என்று 49 புலவரும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் அப்பகுதியே நமக்கு வேண்டுவது. அந்த அடக்கம் போற்றத்தக்கது. ஆனால் அவர்கள் அடைந்த தீர்வு போற்றத்தக்கதா? ஊமைப் பிள்ளைக்குப் பகையுமில்லை, நட்புமில்லை, உண்மை. காரணம் கூற நாவும் இல்லையே! தோற்ற 48 பேருள் ஒருவரேனும், "என் உரையில் என்ன பிழை?" என்று யாரைக் கேட்பார்? மேலும், நக்கீரர் உரையே வென்றது என்ற செய்தியை நமக்குச் சொல்வது எது? நக்கீரர் வழியே பத்துத் தலைமுறையாகச் செவிவழி வந்ததெனத் தன்னைக் கூறிக்கொள்ளும் அதே உரைதான்! வென்றவர் மரபே வெற்றியின் வரலாற்றையும் எழுதிற்று.

பழங்கதை நிற்க, நாம் வாழும் நிலத்துக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த 'தமிழ் நேசன்' 1950இலும் 1951இலும் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்திற்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். சிறுகதை எழுதும் முறையை ஏட்டின் வாயிலாகக் கற்பித்து, வந்த கதைகளை ஆய்ந்து குறைநிறை காட்டினர். மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியில் அவ்வகுப்புக்குத் தனியிடம் உண்டு. பரிசு பெற்றவன் மகிழ்வான். பிழையை அறிந்தவன் வளர்வான். பின்னர், 1980களில் தொடங்கி, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி எத்தனையோ புதிய கைகளுக்கு வாயிலாயிற்று.

இன்று நம் இடர் யாது? பெயரை மறைத்துக் கதையை நடுவரிடம் தந்தால் போதும் என்று நம்புகிறோம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், ஷா ஆலம் என்று நாம் சுற்றிவரும் வட்டம் சிறிது. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமே ரப்பர், செம்பனைத் தோட்டங்களின்மேல் எழுந்த நகரம். அத்தோட்டத்து லயத்தையும் கோயில் மேட்டையும் ஒருவர் எழுதினால், அதே லயத்தில் பிறந்த நடுவர் இரண்டாம் பத்தியிலேயே எழுதியவரை அறிந்துகொள்வார். தாள் பெயரை மறைக்கும், நடை மறைக்குமா? நெஞ்சு அறிந்ததை நெஞ்சு எவ்வாறு மறக்கும்?

ஆகவே தோழர்காள், ஊமை நடுவரை நாடித் திரிய வேண்டா. கதையின் கையை அறிந்துகொண்ட நடுவர், "இவரை நான் அறிவேன், இதற்கு மதிப்பெண் இடேன்" என்று சொல்லி ஒதுங்கட்டும். அவ்வாறு ஒதுங்குவோரை ஏளனம் செய்யாது மதிப்போம். எஞ்சியோர் இடும் மதிப்பெண்ணோடு, வென்ற கதைக்கும் தோற்ற கதைக்கும் இரண்டு வரியேனும் காரணம் எழுதட்டும். தவறான காரணத்தை மறுக்கலாம். மௌனத்தை யாரால் மறுக்க முடியும்? கோணிய உள்ளத்தோடு வந்த அதங்கோட்டாசானிடத்தும் தொல்காப்பியருக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு, நம் தோட்டத்துப் பிள்ளை எழுதும் முதற்கதைக்கும் கிடைத்தல் வேண்டும்.