முதல் வகுப்பில் தமிழ் மொழித்திறன்கள்

முதல் வகுப்பில் தமிழ் மொழித்திறன்கள் என்பது பள்ளியில் சேரும் குழந்தை தமிழில் பெறவேண்டிய கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு அடிப்படைத் திறன்களைக் குறிக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குழந்தைகள் ஐந்து வயது நிறைந்தபின் முதல் வகுப்பில் சேர்க்கப்படுகின்றனர். சிங்கப்பூரில் ஏழு வயதை எட்டும் ஆண்டில் சேர்கின்றனர். கேட்டலும் படித்தலும் கொள்திறன்கள் எனவும், பேசுதலும் எழுதுதலும் வெளிப்பாட்டுத் திறன்கள் எனவும் வகைப்படுத்தப்படுகின்றன. முதலிரண்டையும் குழந்தை வீட்டிலேயே பெருமளவு பெற்றுவிடுகின்றது. பின்னிரண்டும் கற்பித்தாலன்றி வருவதில்லை. எனவே பள்ளிகள் பின்னிரண்டிற்கே நேரத்தைச் செலவிடுவது வழக்கம். ஆனால் முன்னிரண்டில் வலுவில்லாத குழந்தைக்குப் பின்னிரண்டும் நிலைப்பதில்லை என்பதே மொழிக் கல்வியாளர் பலரின் கருத்தாகும்.

வரலாறு

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கல்வி மணலில் விரலால் எழுதுவதுடன் தொடங்கியது. ஆசிரியர் எழுத்தின் பெயரைச் சொல்ல, மாணவர் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினர். கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. எழுத்துகளைக் கொண்ட ஏடு அரிச்சுவடி எனப்பட்டது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியன பொருள் விளங்குமுன்பே மனப்பாடம் செய்யப்பட்டன. தேர்ந்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குக் கற்பித்தான்.

சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பாளரான ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் மேற்கொண்டார். 1797 இல் இதைப்பற்றி இலண்டனில் அவர் நூல் வெளியிட்டார். பின்னர் இது சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. மணலில் எழுதும் வழக்கம் இன்று விசயதசமி நாளில் அரிசியில் எழுதுவிக்கும் சடங்காகவும், யாழ்ப்பாணத்தில் ஏடு தொடக்குதல் என்ற பெயரிலும் எஞ்சியுள்ளது.

அச்சு நூல்கள் வந்தபின் படிநிலையாக அமைந்த பாட நூல்கள் தோன்றின. ஆறுமுக நாவலர் (1822–1879) எழுதிய பாலபாட நூல்கள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. குழந்தைகள் பாடுவதற்கென்றே எழுதப்பட்ட பாடல்கள் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர், அழ. வள்ளியப்பா ஆகியோரால் 20ஆம் நூற்றாண்டில் வளம்பெற்றன. இவை இன்றும் முதல் வகுப்பில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் சிறந்த கருவிகளாக உள்ளன.

கேட்டல்

கேட்டல் என்பது காதில் விழுதல் மட்டும் அன்று. ஒலிகளைப் பிரித்தறிதல், கட்டளையைப் புரிந்து செயற்படுதல், கதையின் போக்கைத் தொடர்தல் ஆகியவை இதில் அடங்கும். படித்தலுக்கு முன்தேவையாக விளங்குவது முதலாவது திறனாகும். ‘பல்’, ‘பள்ளம்’ என்னும் சொற்களில் வரும் லகர ளகர வேறுபாட்டைக் காதால் உணராத குழந்தை அவற்றைக் கையால் வேறுபடுத்தி எழுதுவது கடினம். குறிலும் நெடிலும் இவ்வாறானவையே. ‘படம்’, ‘பாடம்’ ஆகியவற்றை மாறி மாறிக் கேட்டுக் கைதட்டிக் காட்டும் விளையாட்டு வகுப்புகளில் பயன்படுகிறது.

ழகரம் தனிச் சிக்கலாகும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதன் ஒலிப்பில் நாவின் நுனி மேல்நோக்கி வளைவதைக் கூறுகிறது. எனினும் பல வட்டாரங்களில் பேச்சில் இது ளகரமாகவோ யகரமாகவோ ஒலிக்கின்றது. அங்கு வளரும் குழந்தை ‘மழை’ என்ற சொல்லை எழுத்திலிருந்தே அறிகிறதேயன்றிக் காதிலிருந்து அறிவதில்லை. ணகரம், நகரம், னகரம் ஆகியவற்றுள் பின்னிரண்டிற்கும் இன்றைய பேச்சில் ஒலி வேறுபாடு இல்லை எனலாம். ஆகவே ‘நாய்’, ‘வானம்’ போன்ற சொற்களில் எதை எழுதுவது என்பதை இடத்தைக் கொண்டே பழக்கவேண்டியுள்ளது. சொல்லின் முதலில் நகரமே வரும் என்ற எளிய விதியைக் குழந்தைகள் விரைவில் பிடித்துக்கொள்கின்றனர்.

பேசுதலும் இரட்டை வழக்கும்

தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபட்டு நிற்கின்றன. மொழியியலாளர் சார்லசு பெர்குசன் 1959 இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் இத்தகைய மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் பரவலாக ஆராயப்பட்டது. முதல் வகுப்புக் குழந்தைக்கு இது ஆய்வுப்பொருள் அன்று, அன்றாடத் தடையாகும். வீட்டில் ‘எல’ என்று அறிந்ததைப் புத்தகத்தில் ‘இலை’ என்றும், ‘அஞ்சு’ என்று எண்ணியதை ‘ஐந்து’ என்றும், ‘வீட்டுல’ என்பதை ‘வீட்டில்’ என்றும் காண்கிறது. எழுத்துகளைச் சரியாகக் கூட்டினாலும் கிடைக்கும் சொல் தான் அறிந்த சொல்தான் என்பதைக் குழந்தை உணராமற் போகலாம்.

இதனைக் கையாளும் முறையில் ஆசிரியரிடையே ஒத்த கருத்து இல்லை. குழந்தை வாய் திறக்கும்போதெல்லாம் திருத்துவது ஒரு முறை. முதலில் குழந்தையின் பேச்சை அப்படியே ஏற்று, அதையே ஆசிரியர் எழுத்து வழக்கில் திரும்பச் சொல்லிக்காட்டுவது மற்றொரு முறை. முதல் முறையில் குழந்தை பேசுவதையே நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்ற எண்ணம் நிலவும் பள்ளிகளில் இது வெளியே தெரிவதும் இல்லை. விடுகதை, நாநெகிழ்ப் பயிற்சி, பார்த்த நிகழ்ச்சியைச் சொல்லுதல், படத்தைக் கண்டு கதை சொல்லுதல் ஆகியவை திருத்தலுக்கு அஞ்சாமல் பேசவைக்கும் பயிற்சிகளாகும்.

தமிழ் வீட்டு மொழியாக இல்லாத குழந்தைகளின் நிலை வேறு. தமிழ்நாட்டில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராட்டிரம், படுகு, இருளம் முதலிய மொழிகளைப் பேசும் வீடுகளிலிருந்து குழந்தைகள் வருகின்றனர். வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் பள்ளிகளில் சேர்கின்றனர். 2006 ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006–07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கித் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. இக்குழந்தைகளுக்குக் கேட்டல், பேசுதல் ஆகியவற்றை வீடு கற்றுத்தந்திருக்கும் என்று கொள்ள இயலாது. நான்கு திறன்களும் ஒரே ஆண்டில் பள்ளியின் பொறுப்பாகின்றன.

படித்தல்

தமிழ் நெடுங்கணக்கில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் உள்ளன. இவை அனைத்தும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவேண்டியவை அல்ல. ஆகாரத்திற்குத் துணைக்கால், எகரத்திற்கு ஒற்றைக்கொம்பு, ஏகாரத்திற்கு இரட்டைக்கொம்பு என்னும் குறிகள் எல்லா மெய்களுடனும் ஒரே வகையில் சேர்கின்றன. 1978 இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளின் விலக்கான வடிவங்கள் நீங்கின. இதனால் முதல் வகுப்பின் சுமை ஓரளவு குறைந்தது.

ஆயினும் உகர ஊகார வரிசைகள் சீராகவில்லை. டு, மு, ரு, ழு, ளு ஆகியவை ஒரு வகையாகவும், சு, பு, யு, வு ஆகியவை கீழிறங்கும் கோட்டுடனும், து, நு, லு, று, னு ஆகியவை வேறொரு வகையாகவும் எழுதப்படுகின்றன. குழந்தைகள் நீண்ட நாள் தடுமாறும் இடம் இதுவே. மற்றொரு தடை கொம்பில் உள்ளது. ‘கெ’ என்னும் எழுத்தில் குறி முன்னே நிற்க, ஒலி பின்னே வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய குழந்தை முதலில் காண்பதைக் கடைசியில் ஒலிக்கவேண்டும். ‘கொ’ வில் குறி இருபுறமும் நிற்கிறது. ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால் வரும் குழப்பம் பெரியவர்க்கும் உண்டு.

ஓர் எழுத்து பல ஒலிகளைக் குறிப்பதும் தமிழின் இயல்பாகும். ககரம் ‘கல்’, ‘பங்கு’, ‘நகம்’ ஆகிய மூன்றிலும் வேறுவேறாக ஒலிக்கின்றது. இது வேற்று மொழியினர்க்குக் கடினம். தமிழ்ச் சொற்களைக் காதால் அறிந்த குழந்தையோ இதைச் சிக்கலாகவே உணர்வதில்லை. கேட்டல் திறன் படித்தலுக்குத் துணைநிற்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

படித்தலைக் கற்பிப்பதில் எழுத்து முறை, சொல் முறை, சொற்றொடர் முறை என மூன்று முறைகள் கூறப்படுகின்றன. நெடுங்கணக்கின் வரிசையில் அகரம் முதல் தொடங்குவது பழைய எழுத்து முறை. அகரத்தின் வடிவம் சுழியும் வளைவும் கொண்டதாகையால் எழுதக் கடினமானது. ஆகவே ட, ப, ம போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கும் முறையும் பின்பற்றப்படுகிறது. இதில் ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ எனச் சில எழுத்துகளாலேயே பொருளுள்ள சொற்களை அமைக்க முடிகின்றது. சொல் முறையில் ‘அம்மா’, ‘ஆடு’ போன்ற முழுச்சொல் படத்துடன் காட்டப்பட்டுப் பின்னர் எழுத்தாகப் பிரிக்கப்படுகிறது. நடைமுறையில் நல்ல ஆசிரியர்கள் மூன்றையும் கலந்தே கையாளுகின்றனர்.

பாடத்தைப் பலமுறை கேட்ட குழந்தை பக்கத்தைப் பாராமலே ஒப்பித்துவிடும். இது படித்தல் அன்று. படத்தை மறைத்துக் காட்டுவதும், வரியின் இடையிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்பதும், அதே எழுத்துகளால் ஆன புதிய சொல்லைத் தருவதும் இதைக் கண்டறிய உதவும். கோவும் டன்மரும் 1986 இல் முன்வைத்த எளிய கோட்பாட்டின்படி படித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரியும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கமாகும். இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியமே. சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் நடத்தி 2007 இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் வகை எழுத்துமுறைகளைக் கற்க முதல் வகுப்பைத் தாண்டியும் பல ஆண்டுகள் தேவைப்படுவதைக் காட்டியது. எல்லா எழுத்துகளும் முதல் ஆண்டிலேயே முடியவேண்டும் என்ற எதிர்பார்ப்பை மறுபரிசீலனை செய்ய இது இடமளிக்கின்றது.

எழுதுதல்

எழுதுதலுக்கு விரல் தசைகளின் வலு முதலில் தேவை. மண்ணைப் பிசைதல், விதைகளை அடுக்குதல், காகிதம் கிழித்து ஒட்டுதல், கோலப்புள்ளிகளை இணைத்தல் ஆகியவை இதற்கான முன்பயிற்சிகளாகும். பின்னர் நேர்கோடு, சாய்கோடு, வளைவு, சுழி என்ற வரிசையில் கை பழக்கப்படுகிறது. சிலேட்டும் குச்சியும் தவற்றை அழித்துவிட இடந்தருவதால் குழந்தைக்கு அச்சம் குறைகிறது. காகிதத்திற்கு மாறியபின் இரட்டைக் கோட்டு ஏடு எழுத்தின் அளவைச் சீராக்க உதவுகின்றது.

பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல், தானே எழுதுதல் என்பன இதன் படிகள். முதற்படியிலேயே ஆண்டு முழுவதும் நின்றுவிடும் வகுப்புகள் பல. ஒரே வரியைப் பத்து முறை எழுதும் குழந்தை, கடைசி வரியில் எழுத்தை வரைகிறதேயன்றி எழுதுவதில்லை. தன் பெயரையும், தான் விரும்பும் ஒரு பொருளின் பெயரையும் பிழையுடனேனும் தானே எழுத முயல்வது இதனினும் பயனுடையது. அப்பிழைகளே குழந்தை எந்த ஒலியை எந்த எழுத்துடன் இணைத்துள்ளது என்பதை ஆசிரியருக்குக் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில் அண்மைய முயற்சிகள்

2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் முறை தொடங்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தின் ரிசி பள்ளத்தாக்குப் பள்ளியின் ஊரகக் கல்வித் திட்டம் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. 2007–08 இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு இது விரிவாக்கப்பட்டது. பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு ஏணிப்படியாக அடுக்கப்பட்டன. குழந்தைகள் பாயில் குழுக்களாக அமர்ந்து தத்தம் வேகத்தில் முன்னேறினர். சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. இம்முறை அச்சத்தைக் குறைத்தது என்று பாராட்டப்பட்டது. அட்டைகளைக் கடப்பதே நோக்கமாகிவிட்டது என்ற குறையும் சொல்லப்பட்டது. 2010 இல் சமச்சீர்க் கல்வி முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் நடைமுறைக்கு வந்தது.

கோவிட்-19 தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. 2020 இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் அவ்வகுப்பில் ஒரு நாளும் அமராமல் இரண்டாம் வகுப்பிற்குச் சென்றனர். இவ்விழப்பை ஈடுசெய்ய 2022 சூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் குழந்தைகள் பயிற்றுவிக்கப்படுகின்றனர்.

பிற நாடுகளில்

இலங்கையில் 1997 இன் கல்விச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து தரம் 1, 2 ஆகியவை முதன்மை நிலை ஒன்றாக இணைக்கப்பட்டன. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்று வழிகளில் கற்பித்தல் அமைந்தது. தரம் ஒன்றில் விளையாட்டே மேலோங்கி நிற்கிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2011 இல் அறிமுகமான கலைத்திட்டம் நான்கு திறன்களுடன் செய்யுள், மொழியணி, இலக்கணம் ஆகியவற்றையும் முதலாம் ஆண்டிலிருந்தே சேர்த்தது. சிங்கப்பூரில் ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிட்ட குழந்தைகள் பலர். அங்கு 2005 இல் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. எழுத்து வழக்கை மட்டும் கற்ற குழந்தை கடைத்தெருவில் தமிழ் பேசத் தயங்கியதே இதற்குக் காரணமாகும்.

மதிப்பீடு

முதல் வகுப்பில் எழுத்துத் தேர்வு நான்கில் ஒரு திறனையே அளக்கிறது. ஏனையவற்றிற்கு ஆசிரியரின் உற்றுநோக்கலே வழி. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வில் குழந்தையைத் தனியே அமர்த்தி எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை ஆகியவற்றைப் படிக்கச் செய்கின்றனர். குழந்தை தயக்கமின்றிப் படிக்கும் மிக உயர்ந்த படியே அதன் நிலையாகக் குறிக்கப்படுகிறது. இதற்குச் சில நிமிடங்களே ஆகும். நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பிலும் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய இச்சோதனையில் எதையும் எழுதவேண்டியதில்லை. எனவே கை மெதுவாக இயங்கும் குழந்தையும், ஏட்டில் அழகாகப் பார்த்தெழுதிப் படிக்கத் தெரியாமல் இருக்கும் குழந்தையும் இதில் எளிதில் வேறுபட்டுத் தெரிகின்றனர்.