வாரியக் குடியிருப்பில் மறுசுழற்சிக் குப்பை: பிரிப்பவர் யார், பெறுபவர் யார்?

வீட்டுக் குப்பையை வீட்டிலேயே பிரிப்பதைச் சட்டக் கடமையாக்கியவை, 2016 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள். மக்குபவை, மக்காதவை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்து ஒப்படைக்குமாறு அவை குடும்பங்களைப் பணித்தன. குப்பை பொறுக்குவோரின் அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரித்து, வீடு வீடாகச் சேகரிக்கும் பணி உள்ளிட்ட மேலாண்மையில் அவர்களை இணைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்தது. முதற்கடமையைச் சுவர்தோறும் எழுதினார்கள். இரண்டாவதை எழுதிய சுவரை நாம் கண்டதில்லை.

இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதும் இடம், சென்னையின் தென்புறத்தில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட காலத்தில், மக்கள் வாழ்ந்த இடத்திலேயே வீடு கட்டித் தருவது முதன்மையான வழியாக இருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் வாழ்ந்தோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தொலைவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் தலித் குடும்பங்கள் கணிசமானவை. 2021இல் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என மாறியது. இக்குடியிருப்புகளின் பெண்கள் பலர் பழைய மாமல்லபுரம் சாலையின் அலுவலகங்களிலும் அடுக்கங்களிலும் துப்புரவு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்கின்றனர். பகலில் பிறர் வீட்டுக் குப்பையைப் பிரித்துவிட்டு மாலையில் திரும்பும் அவர்களிடம்தான், குப்பையைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று விழிப்புணர்வுப் பதாகை பேசுகிறது.

கண்ணகி நகரின் பழைய வீடுகள் ஏறத்தாழ 200 சதுர அடி. பெரும்பாக்கத்தில் 400 சதுர அடிக்கும் குறைவு. ஐந்து பேர் உறங்கும் அறையில் மூன்று தொட்டிகளை எங்கே வைப்பது? பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்களில் மின்தூக்கி பழுதாகும் நாளில், ஏழாம் மாடியிலிருந்து ஈரக் குப்பையைச் சுமந்து இறங்க வேண்டியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ முதியவரோதான். 20,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டமிட்டவர்கள் கழிவு பிரிக்கும் இடத்தைக் கட்டடத்தின் உறுப்பாகக் கருதவில்லை. பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில் எழுப்பப்பட்டது. நகரக் குடிகளாக இருந்தோர் ஒரே நாளில் நகரச் சேவைக்கு வெளியே நின்றனர். வண்டி வராவிட்டால் ஊராட்சியைக் கேட்பதா, வாரியத்தைக் கேட்பதா என்ற குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது.

2016 விதிகளில் மற்றொரு பொறியும் இருந்தது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் பிரித்தலை உறுதிசெய்து, மறுசுழற்சிப் பொருள்களை அங்கீகரிக்கப்பட்ட பொறுக்குவோரிடமோ மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றன அவை. வாரியக் குடியிருப்புகளிலும் இப்போது சங்கங்கள் அமைக்கப்படுகின்றன. நிலமோ கிடங்கோ இல்லாத சங்கத்தின் தலையில் கடமை மட்டும் ஏறுகிறது.

பிரித்த பொருளுக்கு விலை உண்டு என்பதைப் பதாகைகள் சொல்வதில்லை. அட்டை, பெட் பாட்டில், அலுமினியம், இரும்பு ஆகியவற்றைக் காயலான் கடை எடைபோட்டு வாங்கும். சிப்ஸ், பிஸ்கெட் உறைகளைப் போன்ற பல அடுக்கு நெகிழியை வாங்குவோர் அரிது. அட்டை சாம்பாரில் நனைந்தால் விலை வீழும். எனவே வீட்டில் பிரிக்கப்படும் ஒவ்வொரு பையும் தூய்மைப் பணியாளரின் கையை அழுகலிலிருந்து காப்பதோடு அவரது வருமானத்தையும் கூட்டுகிறது. குறைந்த கூலியில் உழைப்போருக்கு இந்தச் சில்லறை வெறும் உபரி அன்று. கலந்த குப்பையோ பெருங்குடிக் கிடங்கு வரை சென்று, அங்கே மீண்டும் வெறுங்கைகளால் கிளறப்படுகிறது.

மேலே ஒரு சந்தையும் உருவாகியுள்ளது. 2022இல் வகுக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகளின்படி, நெகிழி உறைகளைச் சந்தைக்கு விடும் நிறுவனங்கள் அதற்கு ஈடான அளவு மறுசுழற்சி நடந்ததற்குச் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம். சான்றிதழை உருவாக்குவோர் பதிவுபெற்ற கழிவுச் செயலாக்க நிறுவனங்கள். தெருவில் அந்த நெகிழியைப் பொறுக்கியவர் இந்தக் கணக்கில் எங்கும் பெயராக வருவதில்லை. தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட பொருள் மதிப்புப் பெறும் தருணத்தில் கைமாறிவிடுகிறது. துர்நாற்றம் மட்டும் பழைய கைகளிலேயே தங்குகிறது.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு தனியார்மயத்தை எதிர்த்துப் போராடி, நள்ளிரவில் அகற்றப்பட்டனர். பணிப் பாதுகாப்பும் கூலியும் முதன்மையானவை என்பதில் நமக்கு ஐயமில்லை. அவற்றோடு உலர் கழிவின் மீதான உரிமையும் கோரிக்கையாக வேண்டும் என்கிறோம். வாரியக் குடியிருப்புகளில் ஒவ்வொரு தொகுதிக்கும் தரைத்தளத்தில் நீரும் வெளிச்சமும் உள்ள பிரிப்பறை, பணியாளருக்கும் பொறுக்குவோருக்கும் அடையாள அட்டை, விற்பனைத் தொகையில் எழுதப்பட்ட பங்கு ஆகியவை சாத்தியமானவை. தம் பகுதியின் குப்பை ஒப்பந்த நகலை மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம். கிடைத்ததும், மறுசுழற்சிப் பொருளின் விற்பனைத் தொகை யாரைச் சேரும் என்ற பிரிவு அதில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.