டீசல் படகு எந்திரம்: வரலாறும் சோதிக்கும் முறையும்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1892-ல் தம் எந்திரத்துக்குக் காப்புரிமை கோரினார். அதில் தீப்பொறி கிடையாது. உருளையில் அழுத்தப்படும் காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த சோதனையில், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அது வேலையாக மாற்றியது. கோபன்ஹேகனில் கட்டப்பட்ட 'செலாண்டியா' என்னும் டென்மார்க் கப்பல், 1912-ல் டீசல் எந்திரங்களின் வலிமையிலேயே பாங்காக் வரை சென்றது. பின்னர் சிறிய டீசல் எந்திரங்கள் மீன்பிடிப் படகுகளிலும் இடம்பெற்றன.

பழைய படகு வாங்குவோருக்கும் டீசலின் அந்தத் தத்துவமே வழிகாட்டி. உருளையில் அழுத்தம் குறைந்தால் ஆறிய எந்திரம் எளிதில் கிளம்பாது. எனவே, விற்பவர் முன்கூட்டியே எந்திரத்தைச் சூடேற்றி வைத்திருந்தால் ஐயுற வேண்டும். ஆறிய பின்னரே இயக்கிப் பார்க்க வேண்டும். நீலப் புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை காற்றுக் குறைவையோ மிகுசுமையையோ, நீங்காத வெண்புகை எரியாத டீசலையோ நீர்க்கசிவையோ உணர்த்தும். மசகெண்ணெய் பால்நிறமாக இருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. புதிய வண்ணப்பூச்சு உப்புநீர் அரிப்பை மறைத்திருக்கலாம்.

கரையில் சீராக ஓடும் எந்திரம் கடலில் முழுச்சுமையில் மிகையாகச் சூடேறக்கூடும். ஆகவே கடலில் ஓட்டிப் பார்த்த பிறகே விலை பேசுவது நன்று. நடுக்கடலில் பட்டறை இல்லை.