வீடியோ கேம் இசை: ரசிகர்களின் ஆர்கெஸ்ட்ரா வடிவங்கள்

1980களிலும் 90களிலும் வந்த வீடியோ கேம்களின் இசையை, அவற்றை ஆடி வளர்ந்த ரசிகர்கள் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு ஏற்ப மாற்றி எழுதும் வழக்கம் 1990களின் இறுதியிலிருந்து பரவியது. பதிவுசெய்த வாத்திய ஒலிகளைக் கொண்டு கணினியிலேயே ஆர்கெஸ்ட்ராவை உருவாக்குபவர்கள் ஒரு வகை. இசைக்குறிப்பு எழுதி மாணவர் குழுக்களையும் அமெச்சூர் குழுக்களையும் வாசிக்க வைப்பவர்கள் இன்னொரு வகை.

இந்த யோசனை ரசிகர்களுடையது அல்ல. ஜப்பானிய இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா, 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டத்தின் இசையை அதே ஆண்டில் சிம்ஃபொனித் தொகுப்பாக வெளியிட்டார். 1987இல் தோக்கியோவின் சன்டோரி அரங்கில் அது கச்சேரியாகவும் நடந்தது. ஜப்பானுக்கு வெளியே இப்படியொரு சிம்ஃபொனிக் கச்சேரி நடக்க 2003 வரை, ஜெர்மனியின் லைப்ஸிக் நகரம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அமெரிக்க, ஐரோப்பிய ரசிகர்களுக்குத் தாங்களே செய்துகொள்வதைத் தவிர வழியில்லை.

மூல இசை எப்படி அமைந்தது என்பதைப் பார்த்தால்தான் இந்த வேலையின் சிரமம் புரியும். நின்டெண்டோவின் பழைய எட்டு பிட் கருவியில் ஐந்தே ஒலித் தடங்கள்: மெட்டுக்கு இரண்டு, கீழ்ஸ்தாயிக்கு ஒன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சலாக ஒன்று, சிறு ஒலிப்பதிவுத் துணுக்குக்கு ஒன்று. கீழ்ஸ்தாயித் தடத்தில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். கமடோர் 64 கணினியில் மூன்றே குரல்கள். ஒரு 'கார்டு', அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, முழுவதையும் சேர்த்து ஒலிக்கத் தடங்கள் போதாது. எனவே அதன் மூன்று ஸ்வரங்களையும் ஒரே தடத்தில், நொடிக்கு ஐம்பது முறை வரை மாற்றி மாற்றி ஓடவிட்டார்கள். காதில் அது துடிக்கும் ஒற்றை நாதமாக விழும்.

இதை ஆர்கெஸ்ட்ராவில் என்ன செய்வது? வயலின்களுக்கு நடுங்கும் வில்வீச்சாகத் தரலாம், ஹார்ப்பிடம் விடலாம், ஹார்ன்களில் நிதானமான கார்டாக விரிக்கலாம். மூன்றும் சரிதான், மூன்றும் வேறு வேறு பாட்டு. கருவியின் ஒலிச் சிப்புக்கு மூச்சு வாங்காது, புல்லாங்குழல்காரருக்கு வாங்கும். ஆகவே எங்கே வாக்கியம் முடிகிறது என்பதையும் முடிவு செய்யவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், மூலத்துக்கு முடிவே இல்லாதது. ஆட்டக்காரர் அந்தக் கட்டத்தைத் தாண்டும் வரை அதே ஒரு நிமிடம் சுற்றிச் சுற்றி வரும்படி எழுதப்பட்டது அது. ஒரு நிமிட மெட்டை ஐந்து நிமிடமாக வளர்ப்பதும், அதற்கொரு முடிப்பு எழுதுவதும் முழுக்க ரசிகரின் கற்பனை. பலர் சறுக்குவதும் இங்கேதான்: சினிமா டிரெய்லர் பாணி முரசும் பித்தளை வாத்தியங்களுமாகக் கொட்டி, எளிய மெட்டை மூச்சுத் திணற வைத்துவிடுகிறார்கள்.

மூல இசையமைப்பாளர்களின் காதிலேயே ஆர்கெஸ்ட்ரா இருந்ததற்குச் சான்றுகள் உண்டு. 1986இன் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' முகப்புக்கு, ராவெலின் 'பொலேரோ' என்ற ஆர்கெஸ்ட்ரா இசையைப் பயன்படுத்தவே அதன் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ நினைத்திருந்தார். 'பொலேரோ'வின் பதிப்புரிமை அப்போது காலாவதியாகவில்லை என்று தெரிந்ததும், ஆட்டத்தின் மைய மெட்டையே ஒரே நாளில் முகப்புக்கு ஏற்ப மாற்றினார். பின்னர் வந்த சூப்பர் நின்டெண்டோ கருவியில் எட்டுத் தடங்கள் கிடைத்தன. ஆனால் இசைக்கான நினைவகம் 64 கிலோபைட்தான். அதற்குள்ளும் இசையமைப்பாளர் நொபுவோ உவெமத்சு 1994இல் 'ஃபைனல் ஃபேண்டசி 6'க்காக ஓர் ஓபெரா காட்சியே எழுதினார். பாடகியின் குரல் செயற்கை ஒலியாகவும், பாடல் வரிகள் திரையில் எழுத்தாகவும் வந்தன. இதைக் கையில் எடுக்கும் ரசிகர் உண்மையான பாடகியைத் தேட வேண்டியதுதான்.

கணினியில் செய்பவர்களின் பாடு வேறு. ஒரே வயலின் ஒலியை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். அதற்காக ஒரே ஸ்வரத்தின் பல பதிவுகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்திலும் ஒலி எழுந்து தணிவதைக் கையாலேயே வரையவேண்டும். நல்ல ஒலித் தொகுப்புகள் முன்பு பெரும் விலை. 2022இல் வந்த மியூஸ்ஸ்கோர் 4 போன்ற இலவச மென்பொருள்கள் அந்தத் தடையைப் பெரிதும் குறைத்தன.

1999இல் தொடங்கிய 'ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ்' இத்துறையின் முக்கிய அமைப்பு. அது எல்லாப் பாணிகளையும் ஏற்கும், ஆர்கெஸ்ட்ரா அவற்றில் ஒன்று. 2005இல் அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழக மாணவர்கள் கேம் இசை மட்டுமே வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். அதற்கான இசைக்கோர்ப்பை உறுப்பினர்களே எழுதினார்கள். கமடோர் 64 ரசிகர்கள் முன்னெடுத்த 'எய்ட் பிட் சிம்ஃபொனி' கச்சேரியை 2019இல் இங்கிலாந்தின் ஹல் நகரில், அவ்வூர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவே வாசித்தது. கமடோர் இசையின் பெரும்புள்ளி ராப் ஹப்பர்ட் பிறந்ததும் ஹல்லில்தான். ஜாஸ் வாத்தியக் குழுவான 'எய்ட் பிட் பிக் பேண்ட்', கிர்பி ஆட்டத்தின் ஒரு மெட்டை மாற்றியமைத்ததற்காக 2022இல் சிறந்த இசைக்கோர்ப்புக்கான கிராமி விருதையே வென்றது.

சட்டப்படி பார்த்தால் மெட்டு நிறுவனத்தின் சொத்து. மாற்றியமைக்க அனுமதி வேண்டும். நடைமுறையில், பணம் புழங்காதவரை பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. 'ஃபைனல் ஃபேண்டசி 6' இசைக்கு ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் தயாரித்த தொகுப்புக்கு 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கியதும், உரிமையாளரான ஸ்கொயர் எனிக்ஸின் ஆட்சேபத்தால் அது நிறுத்தப்பட்டது. இரு தரப்பும் பேசி உடன்பட்ட பிறகு திரட்டல் மீண்டும் தொடங்கியது. 74 பாடல்கள் கொண்ட தொகுப்பு 2013இல் இலவசமாக வெளிவந்தது. இன்னொரு ஆட்ட நிறுவனமான கேப்காம் அணுகியது வேறு விதமாக: 2008இல் தன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' மறுபதிப்பு ஒன்றுக்கு இதே ரசிகர்களின் இசையையே பயன்படுத்திக்கொண்டது.