குறுக்கே தேய்க்கும் விரல்

நாள்பட்ட முழங்கை நோவுடன் இயன்மருத்துவரிடம் போகும் நம்மவர்களில் பலர் எண்ணெய்ப் போத்தலை எதிர்பார்த்துப் போகிறார்கள். அங்கே எண்ணெய் கிடையாது. மருத்துவர் சுட்டுவிரலின்மேல் நடுவிரலை ஊன்றி, நோகும் புள்ளியைத் தேடிப் பிடித்து, தசைநாண் ஓடும் திசைக்குக் குறுக்கே பத்து நிமிடம் தேய்க்கிறார். முதல் ஓரிரு நிமிடம் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். பிறகு அந்த இடம் மெல்ல மரத்துப்போகும்.

ஆழ்குறுக்கு உராய்வு என்று தமிழில் சொல்லக்கூடிய இந்த முறை இன்றைய வடிவத்தைப் பெற்றது தேம்ஸ் நதிக்கரையில், பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு எதிரே இருக்கும் சென் தோமஸ் வைத்தியசாலையில். அதை வகுத்தவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் (1904–1985). தேய்ப்பது அவருடைய குடும்பத்துக்குப் புதிதல்ல. தாய்வழிப் பாட்டனார் ஹென்றிக் கெல்கிரன் சுவீடனிலிருந்து வந்து இலண்டனில் கைச்சிகிச்சை செய்தவர். 1813இல் பெர் ஹென்றிக் லிங் ஸ்டொக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சி நிறுவகத்தின் மரபில் வந்தவர் அவர். ஜேம்ஸின் தந்தை எட்கர், தாய் அன்யூட்டா இருவரும் வைத்தியர்கள். கெல்கிரனின் கைமுறைகளைப் பற்றி எட்கர் 1903இல் ஒரு நூலே எழுதினார்.

ஆனால் அக்கால இலண்டனில் ‘மசாஜ்’ என்ற சொல் கறைபட்டிருந்தது. 1894இல் பிரித்தானிய மருத்துவ இதழ், மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் விபசார விடுதிகள் நடப்பதாக எழுதியது. ஒழுங்காகத் தொழில் செய்த பெண்களின் பிழைப்பே கேள்விக்குள்ளானது. தாதியரும் மருத்துவிச்சிகளுமான நான்கு பெண்கள் அதே ஆண்டில் பயிற்சிபெற்ற மசாஜ் பணியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ரோசலிண்ட் பேஜட் அவர்களில் ஒருவர். வைத்தியரின் பணிப்பின்றி யாருக்கும் மசாஜ் செய்யக்கூடாது என்பது சங்கத்தின் கண்டிப்பான விதி. அச்சங்கம் 1920இல் அரச பட்டயம் பெற்றது. 1944இல் இயன்மருத்துவர்களின் பட்டயச் சங்கம் என்ற இன்றைய பெயரை எடுத்துக்கொண்டது.

அந்த விதி தொழிலின் மானத்தைக் காத்தது. கூடவே ஒரு சிக்கலையும் உண்டாக்கியது. பணிப்பு எழுதும் வைத்தியருக்குத் தசையும் தசைநாணும் விரலுக்கடியில் எப்படித் தட்டுப்படும் என்று தெரியாது. விரலால் அறிந்த பெண்ணுக்கோ நோயை நிர்ணயிக்கும் உரிமை இல்லை. ‘தோள், மசாஜ், வாரம் மூன்று முறை’ என்ற அளவில் எழுதியனுப்பினால், தோளில் எந்த இடத்தை என்று யார் தீர்மானிப்பது?

1929இல் வைத்தியராகத் தகுதிபெற்ற சிரியாக்ஸ் இந்த இடைவெளியைத்தான் கண்டார். எலும்புச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்கள் இரு கூட்டமாகப் பிரிந்தார்கள். எக்ஸ்ரே படத்தில் ஏதாவது தெரிந்தவர்களுக்கு முறையான சிகிச்சை கிடைத்தது. படத்தில் ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சூடு, பொதுவான தேய்ப்பு, பயிற்சி என்று பொத்தாம்பொதுவாக எழுதப்பட்டது. இந்த இரண்டாவது கூட்டமே பெரியது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தசைநாணையோ மூட்டிணைநாரையோ காட்டாது. ஆகவே படம் சுத்தமாக இருப்பது நோயாளி பொய் சொல்கிறார் என்பதற்கு அத்தாட்சியாகாது.

படம் காட்டாததைக் கண்டறிய அவர் ஒரு பரிசோதனை ஒழுங்கை உருவாக்கினார். முதலில் நோயாளி தானாக அசைக்க வேண்டும். அடுத்து, அவர் தளர்ந்திருக்க வைத்தியர் அசைப்பார். கடைசியாக, வைத்தியர் தடுத்துப் பிடிக்க நோயாளி அதை எதிர்த்துத் தள்ளுவார். தடுத்துத் தள்ளும்போது மட்டும் நொந்தால் பழுது தசையிலோ தசைநாணிலோ இருக்கிறது. பிறர் அசைத்து இழுக்கும்போது நொந்தால் மூட்டுறையையோ இணைநாரையோ சந்தேகிக்க வேண்டும். 1938இல் சென் தோமஸில் இதற்கென ஒரு தனிப் பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது. எல்லா நோவுக்கும் ஒரு ஊற்றிடம் உண்டு, சிகிச்சை அந்த இடத்தைச் சென்றடைய வேண்டும், அடைந்து அங்கே நன்மை செய்ய வேண்டும் என்பதே அவர் போதனையின் சாரம்.

அதே வைத்தியசாலையில் அவருக்கு முன்னர் பணியாற்றிய ஜேம்ஸ் மென்னல் மென்மையான தடவலுக்குப் பேர்போனவர். சிரியாக்ஸ் அதற்கு எதிர்த்திசையில் போனார். விரலும் தோலும் ஒன்றாக நகரவேண்டும் என்றார். தோலின்மேல் விரல் வழுக்கினால் கொப்புளம்தான் மிஞ்சும். எண்ணெய் விலக்கப்பட்டதன் காரணம் இதுவே. உறையுள்ள தசைநாணை இழுத்து விறைப்பாக வைத்துத் தேய்க்க வேண்டும். தசையின் வயிற்றுப் பகுதியானால் தளரவிட்டுத் தேய்க்க வேண்டும். ‘டென்னிஸ் முழங்கை’க்கு இன்று சிரியாக்ஸ் முறை என்று கற்பிக்கப்படுவது பத்து நிமிட உராய்வும், அதையடுத்து 1928இல் மில்ஸ் விவரித்த சட்டென்ற முழங்கை நீட்டலும். வாரம் மூன்று முறையாக நான்கு வாரம். தொற்று உள்ள இடத்திலும் சுண்ணாம்பு படிந்த தசைநாணிலும் கைவைக்கக்கூடாது.

இந்த உராய்வு ஏன் வேலை செய்கிறது? காயம் ஆறும்போது இழைகள் தாறுமாறாக ஒட்டிக்கொள்கின்றன. குறுக்கே தேய்த்தால் அந்த ஒட்டுகள் விலகும், இரத்தவோட்டமும் கூடும் என்பது சிரியாக்ஸின் விளக்கம். அழகான விளக்கம்தான், ஆனால் காலம் அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. 1965இல் மெல்சாக்கும் வோலும் தண்டுவடத்தில் ஒரு ‘வாயில்’ இருப்பதாக முன்மொழிந்தார்கள். தொடுகையும் அழுத்தமும் நோவின் சமிக்ஞையை அங்கே மறிக்கக்கூடும் என்றார்கள். உராய்வின்போது இடம் மரத்துப்போவதற்கு இது பொருத்தமான காரணமாகப்பட்டது. நாள்பட்ட தசைநாண் நோயில் அழற்சியைவிட இழைச் சிதைவே பிரதானம் என்று 1970களிலிருந்து ஆய்வாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

உராய்வுக்கான சான்றும் மெலிந்ததே. 2014இல் கொக்ரேன் மீளாய்வு முழங்கைக்கும் முழங்காலின் வெளிப்புறத்துக்கும் சேர்த்து இரண்டு தகுதியான பரிசோதனைகளை மட்டுமே கண்டது. இரண்டிலும் மொத்தம் 57 பேர். பயன் உண்டு என்றோ இல்லை என்றோ அதிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மறுபுறம், 1998இல் சுவீடனின் ஹோகன் அல்பிரெட்சன் குதிகால் தசைநாணுக்குப் பாரமேற்றி இறக்கும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் கொடுத்து நல்ல பலன் கண்டார். சிரியாக்ஸே கைக்கொண்டிருந்த ஸ்டீரொயிட் ஊசியும் அடிவாங்கியது. 2006இல் அவுஸ்திரேலியாவில் முழங்கை நோவுள்ள 198 பேரிடம் நடந்த ஆய்வில் ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களே முன்னணியில் நின்றார்கள். ஓராண்டு முடிவில் பின்தங்கியவர்களும் அவர்களே. நோவு திரும்பி வந்துவிட்டது.

ஆகவே இன்று கவனமான இயன்மருத்துவர் உராய்வைத் தனிமருந்தாகக் கொடுப்பதில்லை. சில நிமிடம் தேய்த்து நோவைத் தணிக்கிறார். தணிந்த அந்த வேளையில் பயிற்சியைச் செய்விக்கிறார். தசைநாணைப் பலப்படுத்துவது பயிற்சியே. நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துத் தம் பெருவிரல் மூட்டையே பழுதாக்கிக்கொண்ட சிகிச்சையாளர்களுக்கும் இது ஆறுதலான மாற்றம்.

சிரியாக்ஸின் போதனையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? எல்லா நோவுக்கும் ஊற்றிடம் உண்டு என்ற வாக்கு 1938இல் நோயாளிக்குக் கவசமாக இருந்தது. ‘படத்தில் ஒன்றுமில்லை, போய்வா’ என்று எவரும் அவரைத் திருப்பியனுப்ப முடியாதபடி செய்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோவில், இழை ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் கூருணர்வோடு எச்சரித்துக்கொண்டே இருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் ‘இடத்தை’ இன்னும் தேடினால், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கும் ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கும் அலைய வேண்டிவரும். அன்றைய கவசம் இன்று அவருக்குச் சிறையாகிவிடும். அவருடைய நோவும் மெய்யானதுதான். அதற்கு விரல் வைக்க ஓரிடம் இருக்க வேண்டும் என்பதில்லை.

விடக்கூடாதது அவருடைய பரிசோதனை மேசை. எந்த அசைவில் நோகிறது, எதில் நோகவில்லை என்ற நோயாளியின் பதில்தான் அங்கே முதற்சான்று. இது நமக்கு நேரடியாகப் பொருந்தும். குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு என்று நம் மூத்தவர்கள் நோவைப் பிரித்துச் சொல்வார்கள். அருகிலிருந்து மொழிபெயர்க்கும் பிள்ளை பெரும்பாலும் எல்லாவற்றையும் ‘பெயின்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். சான்றின் பாதி அங்கேயே தொலைந்துபோகிறது. அடுத்த முறை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ துணையாகப் போகும் பிள்ளைகள், எந்த அசைவில், எந்த நேரத்தில், எந்த விதமாக நோகிறது என்று வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது.