தேம்ஸ் படகுகள்: கூலி யார் கொடுப்பது?

போன தடவை ரயில் பாலங்களைப் பற்றிப் பேசினோம். இந்த எபிசோடு பாலத்துக்குக் கீழே ஓடுகிற படகுகளைப் பற்றி. ஊர், லண்டன். நதி, தேம்ஸ்.

லண்டனின் கிழக்கே வுல்விச் என்று ஒரு இடம். அங்கே நின்றபோது எனக்கு வந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இந்த எபிசோடே ஆரம்பிக்கிறது. அங்கே கரையில் இரண்டு படகுத்துறைகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து நடுநகரத்துக்கு வேகப்படகு போகிறது. கண்ணாடி ஜன்னல், காபி, மெத்தை இருக்கை எல்லாம் உண்டு, டிக்கெட் பஸ்ஸைப் போல பல மடங்கு. கொஞ்சம் தள்ளி இன்னொரு துறை. அங்கே லாரியையும் காரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற அகலமான ஃபெர்ரி. அதற்கு டிக்கெட்டே கிடையாது. நான் பழக்கதோஷத்தில் கவுன்டர் எங்கே என்று தேடினேன். கவுன்டரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. நடந்து போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். 1889-லிருந்து இப்படித்தானாம்.

ஒரே நதி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துறை. ஒன்றுக்கு ஏன் அவ்வளவு காசு, இன்னொன்றுக்கு ஏன் காசே இல்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஐந்நூறு வருஷம் போகலாம்.

முதலில் ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 1729 வரைக்கும் லண்டன் நகரத்துக்கு ஒரே ஒரு பாலம். அந்த வருஷம் மேற்கே பட்னியில் ஒரு மரப்பாலம் வந்தது, 1750-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம். அதுவரை அக்கரைக்குப் போகணும் என்றால் பெரும்பாலும் ஓடம்தான். ஊருக்குள்ளேயே கிழக்கிலிருந்து மேற்கே போவதற்கும் சேறும் வண்டியும் அடைத்த தெருவைவிட ஆறு சுலபம். அந்த ஓடத்துக்கு வெர்ரி என்று பெயர். முன்மூக்கு நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக இல்லை. துறையே இல்லாத கரையில் மூக்கைக் கொண்டுபோய் வைத்தால் பயணி கால் நனையாமல் இறங்கலாம், அதற்காக.

படகுக்காரர்கள் எவ்வளவு கூலி வாங்கலாம் என்பதை எட்டாம் ஹென்றி காலத்தில், 1514-இல், சட்டம் போட்டே வரையறுத்தார்கள். நம்ம ஊர் ஆட்டோ மீட்டர் பஞ்சாயத்து ஞாபகம் வருகிறதா? அதே கதைதான். 1555-இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமே சட்டப்படி உருவானது. தொழில் பழகாதவன் துடுப்பைத் தொடக்கூடாது. அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

இவர்களில் ஒருவர் ஜான் டெய்லர். 1578-இல் பிறந்தவர், படகோட்டி, கவிஞரும்கூட. பழுப்புக் காகிதத்தில் படகு செய்து, காய்ந்த மீனைக் கழியில் கட்டித் துடுப்பாக வைத்துக்கொண்டு தேம்ஸில் போன ஆள். காகிதம் ஊறிப்போய்ப் பாதிப் பயணத்திலேயே கிழிய ஆரம்பித்துவிட்டது, எப்படியோ கரை சேர்ந்தார். ஆனால் அவர் வெறும் கோமாளி இல்லை. தென்கரையில்தான் நாடகக் கொட்டகைகள், குளோப் தியேட்டர் எல்லாம். நாடகம் பார்க்கப் போகிற கூட்டம்தான் படகுக்காரர்களின் சோறு. 1613 வாக்கில் நாடகக் கம்பெனிகள் வடகரைக்கு நகர ஆரம்பித்தபோது, அப்படிப் போகக்கூடாது என்று தடை போடச் சொல்லி ராஜாவிடம் மனு கொடுத்தார்கள். அதை முன்னே நின்று நடத்தியவர் டெய்லர். குதிரை வண்டிகள் பெருகுவதைப் பற்றியும் புலம்பித் தீர்த்திருக்கிறார். பாலம், வண்டி, இடம் மாறுகிற கூட்டம் — படகுக்காரன் பயந்த மூன்றும் கடைசியில் நடந்தன.

இவர்கள் காலத்து மிச்சம் ஒன்று இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. தாமஸ் டாகெட் என்ற நடிகர் 1715-இல் ஆரம்பித்து வைத்த துடுப்புப் பந்தயம். பயிற்சி முடித்த இளம் படகோட்டிகள் லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரை தனித்தனியாக வலிக்க வேண்டும். ஜெயித்தவனுக்கு ஒரு கோட்டும் கையில் ஒரு பெரிய வெள்ளி முத்திரையும். இன்றுவரை நடக்கிறது.

1815-இல் லண்டனுக்கும் கிரேவ்ஸெண்டுக்கும் நடுவே நீராவிப் படகு வந்தது. அதற்குப் பிறகு துடுப்புக்கு வேலை வேகமாகக் குறைந்தது. 1840-களில் அரைப் பென்னிக்கு நகரத்துக்குள்ளேயே நீராவிப் படகில் போகலாம். கூட்டம் எவ்வளவு, போட்டி எவ்வளவு என்றால், 1847-இல் கிரிக்கெட் என்ற அரைப் பென்னிப் படகு துறையில் நிற்கும்போதே கொதிகலன் வெடித்தது. ஆவி அழுத்தம் அதிகமானால் தானாகத் திறந்து வெளியேற்ற வேண்டிய வால்வைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. செத்தவர்கள் அரைப் பென்னிப் பயணிகள்.

இப்போது மறுபடி வுல்விச்சுக்கு வருகிறோம்.

1878 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை. பிரின்சஸ் ஆலிஸ் என்ற படகு, இரண்டு பக்கமும் சக்கரம் சுற்றுகிற நீராவிப் படகு, ஷீர்னெஸ் கடற்கரைக்கு ஒருநாள் சுற்றுலா போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தது. சாதாரணக் குடும்பங்கள், பிள்ளைகள், வருஷத்தில் ஒரு நாள் வெளியே போகிறவர்கள். எழுநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சரியான எண்ணிக்கை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று எழுதவே இல்லை. இரவு ஏழே முக்கால் வாக்கில் வுல்விச்சுக்குச் சற்றுக் கிழக்கே, டிரிப்காக் முனை என்கிற வளைவில் திரும்பும்போது, எதிரே பைவெல் காசில் என்ற நிலக்கரிக் கப்பல். சரக்கு இல்லாமல் காலியாகப் போய்க்கொண்டிருந்ததால் தண்ணீருக்கு மேலே சுவர் மாதிரி உயர்ந்து நின்றது. இவர் அப்படிப் போவார் என்று அவரும், அவர் இப்படிப் போவார் என்று இவரும் நினைத்துத் திருப்பியதில், அந்த இரும்பு மூக்கு படகின் வலப்பக்கத்தில் ஏறியது. படகு உடைந்து நான்கே நிமிஷத்தில் மூழ்கியது.

அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனாலும் ஏன் இத்தனை சாவு? நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு, பெண்களின் உடை கனம், இருட்டு, எல்லாம் சரி. இன்னொன்றும் இருந்தது. 1858-இல் லண்டனில் தேம்ஸ் நாறியதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு பேஸல்ஜெட் என்ற பொறியாளர் பெரிய சாக்கடைகளைக் கட்டி, நகரத்துக் கழிவு முழுவதையும் கிழக்கே கொண்டுபோய்க் கொட்ட வழி செய்தார். கொட்டுகிற இரண்டு வாய்களும் எங்கே? பார்க்கிங், கிராஸ்னெஸ். விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில். அன்றைக்கு மோதலுக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் திறந்துவிட்டிருந்தார்கள், சுத்திகரிக்காத கழிவை. கூவத்துக் கரையில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காப்பாற்றப்பட்ட நூற்றுச் சொச்சம் பேரிலும் சிலர் அந்தத் தண்ணீரைக் குடித்த காரணத்தால் பிறகு இறந்தார்கள்.

உடல்களைத் தேடி எடுக்க உள்ளூர்ப் படகுக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். ஒரு உடலுக்குக் குறைந்தது 5 ஷில்லிங். உடல் யாருடையது என்று கரையில் சண்டைகூட வந்தது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நானூறு வருஷமாக ஆளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி ஏற்றிப்போன தொழில் அது.

அடையாளம் தெரியாத 120 பேரை வுல்விச் பழைய கல்லறையில் ஒன்றாகப் புதைத்தார்கள். அங்கே ஒரு கல் சிலுவை நிற்கிறது. 23,000-க்கும் அதிகமானவர்கள் ஆளுக்கு ஆறு பென்னி போட்டு எழுப்பியது. பெரிய மனிதர் யாரும் தனியாகக் கட்டிக் கொடுத்ததில்லை.

எதிரெதிரே வருகிற படகுகள் எந்தப் பக்கம் ஒதுங்கணும் என்ற விதி இதற்குப் பிறகுதான் தேம்ஸில் கறாரானது. 1880-களின் கடைசியில் கழிவுச் சகதியைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். கடலில் கொட்டுவது சரியா என்பது வேறு பஞ்சாயத்து. ஆற்றுப் போலீசுக்குத் துடுப்புப் படகுக்குப் பதில் நீராவிப் படகு கிடைத்தது.

சரி, அந்த இலவச ஃபெர்ரிக்கு வருவோம். 1870-களின் கடைசியில் மேற்கு லண்டன் பாலங்களில் இருந்த சுங்கத்தை எல்லாம் பொதுப்பணத்தில் விலைகொடுத்து நீக்கினார்கள். பணம் எல்லா லண்டன்வாசிகளும் கட்டிய வரி. கிழக்கே இருந்தவர்கள் கேட்டார்கள்: நாங்களும்தான் வரி கட்டினோம், எங்களுக்குப் பாலமே இல்லையே, எங்களுக்கு என்ன? நியாயமான கேள்வி. அதற்குக் கிடைத்த பதில்தான் 1889 மார்ச் 23-இல் ஆரம்பித்த வுல்விச் இலவச ஃபெர்ரி. பாலத்துக்குச் சுங்கம் இல்லை என்றால் படகுக்கும் இல்லை. அதாவது இந்த ஊர் அந்தப் படகைத் தெருவாகக் கணக்கில் எழுதிவிட்டது. தெருவில் நடப்பதற்கு யாராவது டிக்கெட் கேட்பார்களா?

அதே லண்டன் கவுன்டி கவுன்சில் பிற்பாடு செய்ததைப் பாருங்கள். நடுநகரத்தில் தனியார் நீராவிப் படகுகள் நொடித்துப்போன பிறகு, 1905 ஜூனில் கவுன்சிலே 30 புதுப் படகுகளை இறக்கியது. இளவரசர் வந்து தொடங்கி வைத்தார், பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர். படகுகளுக்குப் பெயர் ஆல்ஃப்ரெட் ராஜாவிலிருந்து ஆரம்பித்து லண்டன் சரித்திரத்துப் பெரிய மனிதர்கள். பென்னிக் கட்டணம். மேல்தளம் திறந்த வெளி. லண்டன் ஜனவரியில் ஆற்றுக்காற்றில் மேல்தளத்தில் உட்கார்ந்து ஆபீஸ் போகிற ஆளை நினைத்துப் பாருங்கள்! கரையோரத்தில் அடியில் ஓடிய ரயில் அதே 1905-இல் மின்சாரத்துக்கு மாறியது. போதாததற்கு, 1906 டிசம்பரில் அந்த ஆற்றங்கரைச் சாலையிலேயே மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. டிராம் யாருடையது? அதே கவுன்சிலுடையது.

படகுகள் நஷ்டத்தில் ஓடின. 1907 தேர்தலில் அது ஒரு பெரிய பேச்சாகி, நடத்திய கட்சி தோற்றது. புதிதாக வந்தவர்கள் அதே வருஷம் சேவையை நிறுத்தி, படகுகளை விற்றார்கள். அவற்றில் சில முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்கு, டைக்ரிஸ் நதிக்குப் போயின.

எனக்குத் தோன்றுவது இதுதான். இரண்டு சேவையும் பொதுப்பணம், இரண்டும் தனியாகக் கணக்குப் பார்த்தால் நஷ்டம். ஒன்றைத் தெரு என்றார்கள், அதற்கு லாபம் கேட்கவில்லை, 130 வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. இன்னொன்றைக் கடை என்றார்கள், இரண்டு வருஷத்தில் மூடினார்கள். குளிரும் டிராமும் காரணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவை மட்டும் காரணம் என்றால் எனக்கு ஒப்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த முயற்சிகள் பெரும்பாலும் கடைதான். 1988-இல் வேகப்படகு சேவை ஒன்று வந்தது. கேனரி வார்ஃப் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனத்தின் ஆதரவு இருந்தது. அந்த நிறுவனம் 1992-இல் திவாலாக, 1993-இல் படகும் நின்றது. இன்று ஓடுகிற தேம்ஸ் கிளிப்பர்ஸ் 1999-இல் ஒரே ஒரு சின்னப் படகோடு ஆரம்பித்தது. ஆற்றங்கரையில் ஓ2 அரங்கை நடத்துகிற நிறுவனம் 2006-இல் பெரும்பங்கை வாங்கியது. இப்போது பெரிய இரட்டை அடிப்பாகப் படகுகள், பேட்டரியும் டீசலும் சேர்ந்து ஓடுகிறவைகூட வந்துவிட்டன. நல்ல சேவை, நான் ரசித்துத்தான் போனேன். ஆனால் அன்றைய அரைப் பென்னிப் பயணி இதில் ஏற மாட்டார், பஸ்ஸில்தான் போவார்.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. 1989 ஆகஸ்ட் 20 அதிகாலை, மார்ஷியோனஸ் என்ற உல்லாசப் படகில் பிறந்தநாள் விருந்து. பௌபெல் என்ற மணல் அள்ளும் கப்பல் மோதியது. 51 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். 111 வருஷம் கழித்து அதே நதி, அதே இருட்டு, அதே மாதிரி பெரிய கப்பல் சின்னப் படகைப் பார்க்காத கதை. முழு விசாரணைக்கு 2000 வரை குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. தேம்ஸில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் 2002-இல்தான் வந்தன. நதிக்குள் 24 மணி நேரமும் தயாராக ஒரு மீட்புப் படகு நிற்கணும் என்பது அதுவரை யாருக்கும் கட்டாயமாகத் தோன்றவில்லை.

வுல்விச்சில் நான் ஏறிய ஃபெர்ரியின் பெயர் பென் வுல்லகாட். அதற்கு முன் இருந்த படகுகளுக்கு அரசியல்வாதிகளின் பெயர். இது யார் என்று தேடிப் பார்த்தேன். தலைமுறை தலைமுறையாகத் தேம்ஸ் படகோட்டிகளாக இருந்த குடும்பத்துப் பையன். இதே ஃபெர்ரியில் வேலை பார்த்தவன். 2011-இல் கட்டுக்கயிறு இழுத்துத் தண்ணீரில் விழுந்து இறந்தபோது வயசு 19. புதுப் படகுகள் வந்தபோது ஒன்றுக்கு அவன் பெயரை வைத்தார்கள்.

அக்கரை போய்ச் சேர ஐந்து, பத்து நிமிஷம்தான். பக்கத்தில் ஒரு அம்மா மளிகைப் பையோடு நின்றிருந்தார், ஒரு லாரி டிரைவர் ஜன்னலை இறக்கிவிட்டு சாண்ட்விச் சாப்பிட்டார். யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. இறங்கி, நடந்து போய்விட்டார்கள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.