ஹேடோ: வீட்டுமொழியும் வகுப்பறையும்

ஹேடோ, 2024-இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரின் துறைமுகப் பகுதி. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினக் கப்பல்கள் அணையும் இடம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வங்காளம் பேசுவோர் சுமார் 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. கடைத்தெருவில் எல்லோருக்கும் பொதுமொழி இந்தி.

முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சிக்கல் இங்கேதான். தமிழில் எண்ணத் தெரிந்த குழந்தை, கேள்வி வேறு மொழியில் வந்தால் வாய் திறக்காது. அதை மந்தம் என்று முத்திரை குத்துவது பெரும் அநீதி. 1918 முதல் காட்டு வேலைக்கு வந்த ராஞ்சிப் பழங்குடியினரின் வீட்டுமொழியான சாத்ரிக்குப் பள்ளியில் இடம் இன்னும் அரிது.

ஆசிரியர் முதலில் அறிய வேண்டியது, வீட்டில் என்ன மொழி, பாடம் பார்க்க ஆள் உண்டா என்பதே. புதுக் கருத்தை வீட்டுமொழியில் பேசவிட்டு, பிறகு பாடமொழிச் சொல்லைத் தரலாம். ஒரே மொழிக்காரரை இணையாக உட்காரவைக்கலாம். பெற்றோர் எழுத்தறியாதவரெனில் குறிப்பேட்டில் எழுதி அனுப்புவதைவிட நேரில் பேசுவதே பயன் தரும்.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய முயலுமாறு அரசமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் மாநிலங்களைப் பணிக்கிறது.